காயவைத்த கல்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

திரு. கலியபெருமாள், சித்தன்கோட்டகம் நிலத்தடிச் சேமிப்புக் குழுத் தலைவர்.
திரு. ஹபீபுல்லா, மோட்டார் பொறுப்பாளர். கல் அளக்க உரிமம் பெற்றவர்.
திரு. நிவேதன், இடப்பெயர்வு அலுவலர்.
திருமதி தையல்நாயகி, பாறைத்துண்டு (கோர்) கிடங்குத் தொழில்நுட்பர்.
முனைவர் சுகவனம், பாறையியலாளர். வரவில்லை. (இறந்து நாலு வருடம் ஆகிறது. பெயரை நீக்க வேண்டும்.)
கல், ஒன்று.

பதிவேட்டில் கல்லையும் சேர்த்து எழுதுவது அந்த ஊரின் வழக்கம். யார் தொடங்கியது என்று தெரியாது. பத்து வருடமாக எந்தக் கூட்டம் நடந்தாலும் கடைசி வரி கல்லுக்குத்தான். எழுதுவது தையல்நாயகி. அன்று காலை பத்து மணிக்குக் கிடங்கின் முன்னறையில் கூடியபோதும் அவள்தான் எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவை மூடினாள்.

கல் சுவரோரம் ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. கட்டைவிரல் பருமன், கட்டைவிரல் நீளம், சாம்பல் நிறம். ஊருக்கு அடியில் ஆயிரத்து எண்ணூறு மீட்டர் ஆழத்தில், ஒரு காலத்தில் எண்ணெய் எடுத்துத் தீர்த்த மணற்பாறையிலிருந்து வெட்டி வந்தது. நெற்றி என்று ஒரு பக்கத்தை ஊரே முடிவு செய்து சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. பெட்டிக்குக் கீழே பித்தளைத் தகட்டில் 312.

கடல் உள்ளே ஏறி, கிணறெல்லாம் உப்பாகிப் போன பிறகு, கரையோர ஊர்களுக்கு அரசு ஒரு சட்டம் போட்டது. ஐப்பசி, கார்த்திகையில் வரும் வெள்ளத்தை அடிப்பாறைக்குள் தள்ளிவைத்துக் கோடையில் திரும்ப எடுத்துக் குடிக்க முடியுமானால் ஊர் இருக்கலாம். முடியாதென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டு முகாமுக்குப் போக வேண்டும். முடியுமா முடியாதா என்பதைக் கல் சொல்லும். கல்லுக்குள் தண்ணீர் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பதற்கு ஒரு எண் உண்டு. நூறைத் தாண்டினால் பத்து வருடத்துக்கு நிலைச் சான்று. பக்கத்து வடகோட்டகத்தின் கல் நாற்பத்தொன்று காட்டியது. அந்த ஊரில் இப்போது கருவேல மரங்கள் மட்டும் நிலையாக இருக்கின்றன. சித்தன்கோட்டகத்தின் கல் முன்னூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

அந்த எண்ணுக்கு ஒரு அலகும் உண்டு. ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது, தேவைப்பட்டதும் இல்லை. கடைத்தெருவில் 312 டீ ஸ்டால் இருக்கிறது. பள்ளிக்கூடக் கபடி அணிக்கு அதே பெயர். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போகிறார்கள். ஆடிப் பதினெட்டு அன்று கல்லைப் பெட்டியிலிருந்து எடுத்து, அடுத்த அறையில் உள்ள ஓவனில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். கல்லுக்குச் சூடு காட்டுவது என்று பெயர். முதன்முதலில் ஓவனில் காயவைத்து அளந்தபோதுதானே அந்த எண் வந்தது. ஓவனின் விசிறி உறுமத் தொடங்கியதும் வாசலில் நிற்கும் பெண்கள் குலவை போடுவார்கள். காயவைத்தவள், அளந்தவள் என்பதால் தையல்நாயகிக்கு முதல் மாலை. வேண்டாம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வாள். ஒவ்வொரு வருடமும் கழுத்தை நீட்டுவாள்.

பத்து நாளைக்கு முன்னால் ஹபீபுல்லா கிடங்குக்கு வந்தான். நாற்பத்து மூன்று வயது ஆள், மாடிப்படி ஏறினாலும் பாட்டு முணுமுணுப்பவன். அன்று வாய் மூடியிருந்தது.

"அக்கா, மோட்டார் காத்த இழுக்குது."

"எத்தனாவது கிணறு?"

"ஆறும்."

அவன் நீட்டிய அழுத்த வரைபடத்தை அவள் மேசையில் விரித்தாள். சித்திரை முதல் தேதி மோட்டார் போட்டிருக்கிறார்கள். நாலு நாள் நன்றாக ஓடியிருக்கிறது. ஐந்தாம் நாள் கோடு படுத்துவிட்டது.

இதுவரை இப்படி ஆனதில்லை. இதுவரை இப்படி எடுத்ததும் இல்லை. போன வருடம் வரை மேற்கே இரண்டு ஏரி உயிரோடு இருந்தது. பாறைத் தண்ணீரை அவ்வப்போது ருசி பார்த்ததோடு சரி. இந்த வருடம்தான் ஊர் முழுவதும் அதை மட்டும் நம்பி வாயைத் திறந்திருக்கிறது.

"உள்ள தள்ளுறப்ப மட்டும் மடமடன்னு குடிச்சுதேக்கா. பத்து வருசமா நான்தான தள்ளுறேன். ஒரு நாளு மக்கர் பண்ணலையே."

"தள்ளுறப்ப வெடிச்சுக் குடிச்சிருக்கும்டா. அழுத்துன வேகத்துல பாறை வாயப் பொளந்து உள்ள வாங்கிக்கும். உறிஞ்சுறப்ப பொளந்த வாய் மூடிக்கும். நாலு நாளு வந்தது வெடிப்புல நின்ன தண்ணி."

"மத்த தண்ணி?"

"கல்லுக்குள்ள இருக்கு."

"கல்லுதான் முன்னூத்திப் பன்னெண்டு ஆச்சே."

அவள் எழுந்து கிடங்கின் கடைசி வரிசைக்குப் போனாள்.

பத்து வருடத்துக்கு முன்னால் பன்னிரண்டு துண்டு வெட்டினார்கள். ஆழத்திலிருந்து எடுத்த அன்றே, உள்ளிருந்த உப்புத்தண்ணீர் கசியாமல், ஈயத்தாள் சுற்றி மெழுகில் முக்கிக் கொண்டுவந்தார்கள். பதினொன்றைச் சுகவனம் சார் பிரிக்கச் சொன்னார். கரைப்பானில் கழுவு, நூற்றைந்து டிகிரியில் காயவை, பிறகு அள. அவர் அப்படித்தான் செய்வார். அவருக்கு முன்னால் எண்ணெய்க் கம்பெனிக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள். சோறு வடித்தால் கஞ்சியை இறுப்பது மாதிரி, கல் அளந்தால் காயவைப்பது. ஏன் என்று கேட்கும் இடத்தில் அவள் இல்லை. கேட்கும் இடத்தில் இருந்தவர்களுக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டாவது துண்டு மெழுகோடு அலமாரியில் தங்கிப்போனது. யாரும் அதைப் பத்திரப்படுத்தவில்லை. மறந்துபோனார்கள், அவ்வளவுதான்.

மெழுகைக் கீறிப் பிரித்தாள். கல் இன்னும் ஈரமாக இருந்தது. காற்றுப் படாமல் உப்புத்தண்ணீருக்குள் வைத்தே இரண்டாக அறுத்தாள். ஒரு பாதியைக் காயவைக்காமல், அதே உப்புத்தண்ணீரை விட்டு மூன்று நாள் அளந்தாள்.

ஒன்பது.

கருவியைக் கழற்றி மாட்டி மறுபடி அளந்தாள். ஒன்பது. பிறகு அந்தப் பாதியை ஓவனில் வைத்துக் காயவைத்து அளந்தாள். முன்னூற்று ஆறு. அதே கல்.

மறுபடி வந்த ஹபீபுல்லா இரண்டு அளவுத் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒரே கல்லு எப்படிக்கா ரெண்டு பேசும்?"

"கொளத்துல முங்கி, தண்ணிக்குள்ள கண்ணத் தொறந்து பாத்திருக்கியா? பொம்பளைங்க முடி எப்படி இருக்கும்?"

"விரிஞ்சு மெதக்கும்."

"வெளிய வந்ததும்?"

"மண்டையோட ஒட்டிக்கும்."

"இந்தக் கல்லுல மணலுக்கு நடுவுல சின்னச் சின்ன சந்து இருக்கு. சந்து நல்ல அகலம்தான். ஆனா சந்து முழுக்க முடி மாதிரி களிமண் முளைச்சிருக்கு. தண்ணிக்குள்ள இருக்குறப்ப அது விரிஞ்சு நின்னு வழிய மறிக்குது. காயப்போட்டா சுவத்தோட ஒட்டிக்குது, சந்து தொறந்துடுது. நாம காயப்போட்டு, தொறந்த சந்த அளந்துட்டு, ஊருக்குச் சேதி சொன்னோம். கீழ கெடக்குற பாறைய எவன் காயப்போட்டான்?"

அவன் தாளை மேசையில் வைத்தான். "அப்ப கரண்டு? சுகவனம் சார் கெணத்துல கரண்டு வுட்டுப் பாத்து, எல்லாச் சந்தும் ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்கு, கரண்டு பிரமாதமா போவுதுன்னாரே. மேடை போட்டுச் சொன்னாரே."

"போவும். ஈரக் களிமண்ணு மேல கரண்டு சறுக்கிட்டே போயிடும். அதுக்கு ஒண்ண ஒண்ணு தொட்டுக்கிட்டு இருந்தா போதும். தண்ணிக்கு எடம் வேணும். கரண்டு போற வழியெல்லாம் தண்ணி போவாது தம்பி. எந்த முடி தண்ணிய மறிச்சுதோ, அதே முடிதான் கரண்டக் கொண்டுபோயி நமக்கு நல்ல சேதி சொல்லியிருக்கு."

"யாருக்காவது சொன்னீங்களா?"

"ஒனக்குத்தான்."

அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு என்றால் பதினோராயிரம் பேருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது லிட்டர். ஒன்பது என்றால் ஒன்றரை. குடிக்க, சமைக்க, பிள்ளைக்குக் கால் கழுவ, எல்லாவற்றுக்கும் ஒன்றரை. நாற்பத்தெட்டு டிகிரி வெயிலில். மேல்நிலைத் தொட்டியில் வைகாசி கடைசி வரைக்கும் தண்ணீர் இருந்தது. அதனால் ஊருக்கு இன்னும் தெரியாது. ஆனியில் தெரியும். மழை ஐப்பசியில்.

இதில் இன்னொன்றும் இருந்தது. நிலைச் சான்று இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க ஒரு அளவுத் தாள் வேண்டும். கீழே உரிமம் பெற்றவரின் கையெழுத்து வேண்டும். புதுப்பித்தால் ஊர் மறுபடி நிலைத்த ஊர். நிலைத்த ஊருக்கு லாரித் தண்ணீர் கிடையாது, மீட்பு வண்டி கிடையாது. ஏனென்றால் அது நிலைத்துவிட்டது.

கூட்டத்து அன்று காலையில் அவள் கணவர் மாசிலாமணிக்கு முகம் கழுவிவிட்டாள். கல்யாணமாகி முப்பது வருடம். மூன்று வருடமாகப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து படுக்கையில் கிடக்கிறார். முகாம் விதி அவருக்கும் தெரியும். ஐநூறு அடி நடக்க முடியாதவர்களுக்குத் தனி முகாம், வேறு மாவட்டத்தில். துணைக்கு ஆள் கிடையாது. அங்கே போனவர்களிடமிருந்து கடிதம் வரும், அச்சடித்தது, பெயர் மட்டும் கையால் நிரப்பியது.

"ஒம்பதுன்னு எழுதப் போறேன்" என்றாள்.

அவர் பாதி வாயால் பேசினார். பாதி வாயாலும் குத்தலாகப் பேச அவருக்கு வரும். "எழுது. ஒனக்கென்ன. மூணு வருசமா தூக்கிச் சொமந்து இடுப்பு போச்சு. ஒரேயடியா எறக்கி வச்சுடலாம்ல."

"வாய மூடுங்க."

"அங்க சின்னப் பொண்ணுங்க வந்து தொடச்சி வுடுமாம். ஒன் கை சொரசொரங்குது."

அவள் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவளிடம் அவர் சொன்னார்: "தையலு. இங்க இருந்தா ஒன்றரை லிட்டரு. அதுல எனக்கு முக்காவாசிய ஊத்திட்டு நீ முன்னால போயிடுவ. எனக்கு அது தேவையில்ல. ஒம்பதே எழுது."

அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

கூட்டத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முடி, குளம், ஓவன், ஒன்பது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மீதிப் பாதிக் கல்லை ஊறுகாய் ஜாடி மாதிரி ஒரு கண்ணாடி ஜாடியில், அதன் உப்புத்தண்ணீரோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தாள். காயாமல் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

கலியபெருமாள் ஜாடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அரிசி மில் வைத்திருந்தவர். நெல்லைக் கடித்து ஈரம் சொல்வார் என்று பெயர்.

"இதுவும் அந்தக் கல்லுதானம்மா?"

"அதே கல்லுதாண்ணே."

"அதுக்குப் பொட்டு வச்சு பத்து வருசமா கும்புடுறோம். இது பத்து வருசமா அலமாரில தூங்கிட்டு இருந்து, இன்னிக்கி எழுந்து வந்து ஊரக் காலி பண்ணுங்குது."

"கல்லு சொல்லலண்ணே. நான் சொல்றேன். அன்னிக்கித் தப்பா அளந்தவளும் நான்தான்."

"அன்னிக்கி யாரும்மா ஒன்னத் தப்புன்னா?"

நிவேதன் தொண்டையைச் செருமினான். முப்பது வயதுக்குள் இருப்பான். கண்ணுக்குக் கீழே ஐம்பது வயது. கடந்த இரண்டு வருடத்தில் பதினான்கு ஊர்களைக் காலி செய்திருக்கிறான். "மேடம், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா ஒரு சிக்கல். விதி ஏழு." கைக்கணினியைத் திருப்பிக் காட்டினான். "'கல் நூற்றைந்து டிகிரியில், எடை மாறாத வரை உலர்த்தப்பட்ட பின்னரே அளக்கப்பட வேண்டும்.' ஈரக் கல்லுல எடுத்த அளவ சிஸ்டம் ஏத்துக்காது. ஒன்பதுன்னு நான் போடவே முடியாது. அப்படி ஒரு அளவு கிடையாது."

"கெடையாதுன்னா? நான் அளந்தேனே சார்."

"அளந்தீங்க. ஆனா அது அளவு இல்ல."

ஹபீபுல்லா சிரித்துவிட்டான். சிரித்ததற்கு வெட்கப்பட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"விதிய எழுதுனது யாரு?" என்றாள்.

நிவேதன் பக்கத்தைத் தள்ளினான். கடைசியில் ஐந்து பெயர்கள் இருந்தன. மூன்றாவது பெயர் சுகவனம்.

பதிவேட்டில் அவர் பெயரை அடிக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆள் வந்துதான் இருக்கிறார்.

"இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள தாள் வரலைன்னா சான்று காலாவதி ஆயிடும்" என்றான் நிவேதன். "நாளைக்கிக் காலைல பஸ் வந்துடும். வந்தா எல்லாரும் ஏறணும். பாதிப் பேருன்னு கிடையாது."

"முகாம்ல எடம் இருக்கா சார்?" ஹபீபுல்லா கேட்டான்.

"இடம் இருக்கு."

"மேல கூர?"

நிவேதன் கைக்கணினியைக் கவிழ்த்து வைத்தான். "தகரம் வரணும். ஆடிக்குள்ள வந்துடும்னு சொல்லியிருக்காங்க."

கலியபெருமாள் ஜாடியை மெதுவாகக் கீழே வைத்தார். "வடகோட்டகத்துக்காரங்க போனப்பயும் ஆடிக்குள்ள தகரம்னாங்க. எம் மச்சான் குடும்பம் ஏழு பேரு போனாங்க. மூணு பேரு போன் பண்ணுறாங்க. தையலு, நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். ஒன்றரை லிட்டரு. அளந்து குடிப்போம். நாலு மாசம். இங்க அவனவனுக்கு வூடு இருக்கு, நெழல் இருக்கு. செத்தா தூக்க நாலு பேரு இருக்கான்."

"அண்ணே, நெழல் இல்லாத எடத்துல புடவையக் கட்டியாவது நெழல் பண்ணிக்கலாம். தண்ணியில்லாத எடத்துல எதக் கட்டுறது? முகாமுக்கு லாரி வருது. இங்க வராது. கையெழுத்துப் போட்ட அன்னிலேருந்து வராது."

"ஒன் வூட்டுக்காரர வுட்டுட்டா போவ?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"வுட்டுட்டுத்தான் போவேன்."

"அப்ப ஒனக்கு ஊரும் பெருசில்ல, புருசனும் பெருசில்ல. ஒனக்கு ஒன் எண்ணுதான் பெருசு."

"ஆமாண்ணே. அன்னிக்கி முன்னூத்திப் பன்னெண்டு பெருசா இருந்தப்ப மாலை போட்டிங்களே, வாங்கிக்கிட்டேன். இன்னிக்கி ஒம்பது. இதுக்கும் நான்தான் கழுத்த நீட்டணும்."

தாளை இழுத்து ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நிவேதன் அதைப் படம் எடுத்து ஏற்றினான். கைக்கணினி ஒரு முறை முனகியது. அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். 'உலர்த்திய எடை குறிப்பிடப்படவில்லை. மறுஅளவு தேவை.'

ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. காலையிலிருந்தே கூட்டம் சேர்ந்திருந்தது. எண் என்ன என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் அல்ல. எண் அவர்களுக்குத் தெரியும். கொண்டாட வெடி வாங்கி வைத்துக்கொண்டு வந்தவர்கள்.

"மறுஅளவு யாரு வேணாலும் எடுக்கலாமா சார்?" கலியபெருமாள் கேட்டார்.

"உரிமம் இருக்கணும். இந்த ஊர்ல ரெண்டு பேருக்கு இருக்கு. பழைய கல்லு செல்லாது, புதுசா காயவைக்கணும்."

தையல்நாயகி ஹபீபுல்லாவைப் பார்த்தாள். அவன் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் நகத்தால் அதன் மூடியில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஹபீபு."

"அக்கா."

"மோட்டாரு காத்த இழுக்குதுன்னு ஓடி வந்தவன் நீ."

"ஆமாக்கா."

"ஆனில எந்தக் குழாயத் தொறந்தாலும் மொதல்ல ஒன்னத்தான் திட்டுவாங்க."

"திட்டட்டும்." அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது; குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது. "ரெண்டு புள்ளைங்களையும் மச்சினன் வூட்டுக்கு, திருச்சிக்கி அனுப்பிட்டேங்க்கா. நீங்க சொன்ன அன்னிக்கே. இவங்களுக்கெல்லாம் திருச்சில யாரும் இல்ல. நான் கையெழுத்துப் போடலைன்னா இவங்களப் பஸ்ல ஏத்தி வெயில்ல கொண்டு கொட்டிடுவாங்க. கெணறு வத்துனா கெணறு வத்திச்சும்பாங்க. பஸ்ஸ வரவச்சது நான்னு ஆயிடக் கூடாது."

"சாவு ஒண்ணுதானடா?"

"சாவு ஒண்ணுதாங்க்கா. பேரு வேற."

ஒரு அறிவுள்ள மனிதன் எல்லாவற்றையும் புரிந்துகொண்ட பிறகு எடுக்கும் முடிவு அது. புரியாதவனிடமாவது பேசலாம்.

ஜாடியை எடுக்கக் கை நீட்டினாள். கலியபெருமாள் அதற்கு முன் அதன்மேல் கையை வைத்தார். முரட்டுத்தனமாக இல்லை, குழந்தையின் தலையில் வைப்பது மாதிரி.

"கல்லு குழுவோட சொத்தும்மா."

"அது ஒண்ணுதாண்ணே ஈரமா இருக்கு. அதையும் காயப்போட்டுட்டா, நான் சொன்னதுக்குச் சாட்சியே இல்ல."

"தெரியும்" என்றார் அவர். "கிடங்குச் சாவியையும் வச்சுட்டுப் போ. நீ களைச்சுப் போயிருக்க. வூட்டுல அவரு தனியா கெடப்பாரு."

நிவேதன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினான்கு ஊர் போதும் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. பதினைந்தாவதை யாராவது தடுத்தால் கையெடுத்துக் கும்பிடுவான்.

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். பதிவேடு திறந்தே கிடந்தது. பேனாவை எடுத்து, தன் பெயருக்கு எதிரே 'பாதியில் வெளியேறினார்' என்று எழுதினாள். கையெழுத்து நன்றாகவே வந்தது.

ஹபீபுல்லா ஜாடியோடு அடுத்த அறைக்குப் போய்விட்டான். உப்புத்தண்ணீரைத் தொட்டியில் ஊற்றும் சத்தம் கேட்டது. கொஞ்சம்தான், ஒரு மடக்கு. கலியபெருமாள் கதவு வரை கூடவே வந்தார். கதவைத் திறந்துவிட்டார். தள்ளவில்லை, தள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை.

வெளியே வெயில் அறைந்தது. வேப்பமர நிழலில் நூறு நூற்றைம்பது பேர் எழுந்து நின்றார்கள். 312 டீ ஸ்டால் ராமாமிர்தம் முன்னால் வந்தார். தலையில் ஈரத்துண்டு போட்டிருந்தார். அந்தத் துண்டை நனைக்க எவ்வளவு தண்ணீர் ஆகியிருக்கும் என்று அவள் மனம் தானாகக் கணக்குப் போட்டது.

"என்னக்கா, பாஸா?"

"எல்லாரும் கேளுங்க" என்றாள். "கல்லு ஒம்பதுதான். நான் தப்பா அளந்துட்டேன். ஆனில தண்ணி வராது. பஸ் வந்தா ஏறிடுங்க..."

அப்போது சுவருக்குப் பின்னால் ஓவனின் விசிறி உறுமத் தொடங்கியது.

ஊருக்குத் தெரிந்த சத்தம் அது. முதல் வரிசையில் இருந்த பெண் ஒருத்தி அவளைப் பார்த்துக்கொண்டே நாக்கைச் சுழற்றினாள். அடுத்தவள் சேர்ந்துகொண்டாள். ஒரு நொடியில் நூறு வாயிலிருந்து குலவை எழுந்தது. ராமாமிர்தம் சிரித்தபடி காதில் கையை வைத்து, என்ன சொன்னீங்க என்பது போல் தலையை ஆட்டினார். அவள் மறுபடி சொன்னாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

பின்னால் கதவு சாத்தப்பட்டது. அவ்வளவு சத்தத்திலும், அவள் பத்து வருடமாகத் தினமும் திறந்த அந்தப் பூட்டு உள்ளிருந்து இரண்டு சுற்று சுற்றி விழுந்தது மட்டும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.